சின்னமுட்டம் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை: ஒரு பகல் பாய்ப்பயணம்

இந்த வழியைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திட்டமிட வேண்டும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாய் எத்தனை மணிக்கு நுழையத் தோதாக இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சின்னமுட்டத்தில் எத்தனை மணிக்குக் கயிறு அவிழ்ப்பது என்பது அதிலிருந்து வரும். நடுவில் கிடப்பது பெரும்பாலும் நல்ல கடல். தை, மாசியில் புதிதாகப் பாய் பிடிக்கிறவருக்கும் அது கைவரும். ஆபத்தெல்லாம் கடைசிச் சில நூறு மீட்டரில் குவிந்திருக்கிறது. அங்கே களைத்துப்போய், பொழுது சாய்ந்தபின், எதிர்க்காற்றில் வந்து நிற்கிறவர்கள் காலையில் தாமதமாகப் புறப்பட்டவர்களாகவே இருப்பார்கள்.

கருங்கல், புதுக்கடை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்குத் தேங்காய்ப்பட்டணம்தான் வீட்டுத் துறைமுகம். அப்படியிருக்க, பயணத்தை ஏன் அங்கே தொடங்காமல் அங்கே முடிக்கச் சொல்கிறேன் என்று கேட்கலாம். பயணம் போகக்கூடிய மாதங்களில் காலைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், அதே மாதங்களில் குமரிமுனையைச் சுற்றி மேற்காகவும் பிறகு வடமேற்காகவும் ஓடுகிறது. படகை முந்தின நாள் லாரியில் ஏற்றிச் சின்னமுட்டத்தில் இறக்கிவிட்டால் காற்றும் நீரும் வீட்டை நோக்கித் தள்ளும். லாரி வாடகை, திரும்பும் வழியில் மிச்சமாகும் எரிபொருளில் பாதி கழிந்துவிடும். மீதி, உடம்பு அலுப்பில்லாமல் வாயருகே வந்து சேருவதற்கான விலை.

தூரம் ஏறத்தாழ 28 கடல் மைல், அதாவது 52 கிலோமீட்டர். சின்னமுட்டத்திலிருந்து முனையைச் சுற்றிவர 2 மைல், அங்கிருந்து முட்டத்துக்கு 15, முட்டத்திலிருந்து குளச்சலுக்கு 5, குளச்சலிலிருந்து தேங்காய்ப்பட்டணத்துக்கு 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 அல்லது 28 அடி ஃபைபர் வள்ளம், ஒரு பாய், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்ஜின், மூன்று பேர் என்ற கணக்கில் இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட வள்ளம் நல்ல காற்றில் மணிக்கு நாலரை கடல் மைல் சராசரியாக ஓடும். ஆறேகால் மணி நேரப் பயணம்.

எந்த மாதம்

மார்கழிப் பிற்பாதி முதல் மாசி முடியும் வரை. இதில் தயக்கம் வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். அப்போது இந்தக் கரை முழுவதும் கடலடி. பாய்ப்பயணம் என்ற பேச்சே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடல் பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் 2017ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிமுனைக்குத் தெற்கே கடந்தபோது, அது தாழ்வு மண்டலமாக இருந்து புயலாக மாறியதற்கும் கரையை உலுக்கியதற்கும் இடையில் கிடைத்த நேரம் மிகக் குறைவு. ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தூத்தூர் முதல் நீரோடி வரை உயிரிழப்பு இல்லாத ஊர் கிடையாது. நாம் போவது கரையோரப் பயணம்தான். ஆனாலும் வங்கக் கடலின் தெற்கில் ஒரு தாழ்வுநிலை உருவாகியிருக்கிறது என்று வானிலைத் துறை சொன்னால் அந்த வாரம் வேறு வேலை பாருங்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை இன்னொரு கண்ணி இருக்கிறது: கள்ளக்கடல். தென்னிந்தியப் பெருங்கடலில் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயலின் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். வானம் தெளிந்து கிடக்கும், நடுக்கடலில் படகு மெல்ல ஏறி இறங்கும், அவ்வளவுதான். அதே அலை ஆழம் குறைந்த துறைமுக வாயில் எழும்பி உடையும்போதுதான் அதன் உயரம் தெரியும். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துக்கொண்டதும் இப்படியொரு எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்குத் தனியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. அதன் முன்னறிவிப்பைத் திறந்தால் எல்லாரும் அலை உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். பக்கத்தில் அலைக்கால இடைவெளி என்று வினாடியில் ஓர் எண் இருக்கும். நமக்கு அதுவே முக்கியம். ஒரு மீட்டர் அலை 7 வினாடிக்கு ஒன்று வந்தால் அது உள்ளூர்க் காற்றலை. அதே ஒரு மீட்டர் 16 வினாடிக்கு ஒன்று வந்தால், அது தூரத்திலிருந்து வந்த நீண்ட அலை. வாயில் அது இரண்டு மீட்டராக நிமிரும். 14 வினாடிக்கு மேல் இருந்தால் நான் போகமாட்டேன்.

தடைக்காலம் பற்றி ஒரு சொல். ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் இருக்கிறது. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இது விசைப்படகுகளுக்கான தடை, வள்ளத்தைத் தொடாது. ஆனால் சித்திரையில் சின்னமுட்டத்துக்குப் போனால் உள்ளே விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக் கட்டிக்கிடக்கும், உங்கள் வள்ளத்தை இறக்க இடமிருக்காது.

புறப்படும் முன்

எரிபொருள் கணக்கில் பாய் இருப்பதை மறந்துவிடுங்கள். முழு வழியையும் எஞ்ஜினில் ஓடி, தேங்காய்ப்பட்டணத்தில் நுழைய முடியாமல் குளச்சலுக்குத் திரும்பும் அளவுக்கு எண்ணெய் வேண்டும். பாய் ஓடிக்கொடுத்தால் அது லாபம். மாற்று ஸ்பார்க் பிளக், ஷியர் பின், இரண்டு துழவை, நாற்பது மீட்டர் கயிற்றோடு நங்கூரம், நீர் இறைக்க ஒரு வாளி. வாளிக்குக் கயிறு கட்டியிருக்க வேண்டும். வயர்லெஸ் 16ஆம் சேனலில் இருக்கட்டும். செல்பேசி எடுக்கும் தூரத்திலேயே வழி முழுவதும் போகிறோம். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் மூவரின் செல்பேசியிலும் பதிந்துவையுங்கள், ஒருவர் செல்பேசி நனைந்துவிடும் என்பது நிச்சயம். படகின் பதிவுச் சான்றும் ஆட்களின் அடையாள அட்டையும் பிளாஸ்டிக் உறையில் போகட்டும். புறப்படும் நேரத்தையும் போய்ச்சேரும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த ஆள் அழைப்பு வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

சாப்பாட்டுக்கு அவித்த மரச்சீனியும் கட்டுச்சோறும் போதும். எண்ணெயில் பொரித்தது எதுவும் வேண்டாம். குமரிமுனையில் அலை இரண்டு பக்கமிருந்து வரும். வயிறு அதைத் தாங்க வேண்டும்.

புறப்பாடு, முனை

சின்னமுட்டத்து விசைப்படகுகள் ஒருநாள் தொழில் செய்பவை. அதிகாலை ஐந்து மணியையொட்டி அவை கூட்டமாக வெளியேறும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே வள்ளத்தில் வழி தேடுவது வீண் வேலை. எல்லாம் போய், அவை கிளப்பிய அலையும் அடங்கியபின், ஐந்தரைக்குக் கயிறு அவிழுங்கள். ஜனவரியில் சூரியன் ஆறரைக்குப் பிறகுதான் எழும். ஆனால் ஆறு மணிக்கு வலை மிதவைகள் கண்ணுக்குப் படும் அளவு வெளிச்சம் வந்துவிடும், நீங்களும் சரியாக முனையில் இருப்பீர்கள்.

முனையில் எல்லாரும் செய்ய ஆசைப்படும் காரியம், விவேகானந்தர் பாறைக்கும் கரைக்கும் இடையே போவது. செய்யாதீர்கள். அங்கே நீரில் மறைந்த பாறைகள் உண்டு. எட்டு மணிக்கு மேல் பூம்புகார் கப்பல் கழகத்தின் சுற்றுலாப் படகுகள் ஓடத் தொடங்கும். விவேகானந்தர் மண்டபத்தையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் வலப்பக்கம் அரை மைலுக்குக் குறையாமல் விட்டுச் சுற்றுங்கள். சிலையும் மண்டபமும் இப்போது கண்ணாடிப் பாலத்தால் இணைந்திருக்கின்றன. தெற்கிலிருந்து பார்க்கும்போது பாலம் முழு நீளத்துக்கும் தெரிந்தால் போதுமான தூரத்தில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முனையைத் தாண்டும்போது படகு ஐந்து பத்து நிமிடம் தாறுமாறாக ஆடும். வங்கக் கடல் பக்கத்து அலையும் மேற்கிலிருந்து வரும் நெடிய அலையும் சந்திக்கும் இடம். முக்கடல் சங்கமம் பார்க்க வந்தவர்கள் கரையில் நின்று தேடுவது இதைத்தான், அவர்கள் கண்ணுக்கு அகப்படுவதில்லை. பாயை இங்கே அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம். எஞ்ஜினில் கடந்து, ஆட்டம் குறைந்தபின் பருமலை (பாய் கட்டிய குறுக்குமரத்தை) உயர்த்துங்கள்.

அங்கே காற்று திடீரென வலுத்தால் மிரள வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் காற்று அது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுவதும் அதே கணவாய்க் காற்றுதான். கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் நீர்ப்பரப்பு சமனாகவே இருக்கும், படகும் சுகமாக ஓடும். அந்தச் சுகத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: எஞ்ஜின் நின்று பாயும் கிழிந்தால் இந்தக் காற்று உங்களைத் தெற்கே கொண்டுபோகும், அங்கே கரை கிடையாது. ஆகவே முட்டத்தை நெருங்கும் வரை கரையிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் விலக வேண்டாம்.

முனை முதல் முட்டம் வரை

இந்தப் பதினைந்து மைலுக்குச் சொல்ல அதிகமில்லை. திசை மேற்கிலிருந்து சற்று வடக்காக, ஏறத்தாழ 280 பாகை. காற்று வலப்பக்கப் பின்புறத்தில், பாய் இடப்பக்கத்தில். காற்று மாறாதவரை தாமானை (பாயின் கீழ்முனைக் கயிற்றை) விட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டால் போதும். பாயை மறுபக்கம் மாற்றும் வேலை கிடையாது. மருந்துவாழ் மலை நேர் வடக்கே வரும்போது மூன்று மைல் போலக் கடந்திருக்கிறீர்கள். பிறகு பழையாறு கலக்கும் மணக்குடிப் பொழிமுகம்; 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தைத் தூக்கிச் சென்றது, இப்போது இருப்பது அதற்குப் பின் கட்டியது. பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை என்று ஒவ்வொரு ஊரும் தன் ஆலய கோபுரத்தால்தான் கடலிலிருந்து அடையாளப்படும். ஜி.பி.எஸ். இருந்தாலும் மலையையும் கோபுரத்தையும் நேர்ப்படுத்திக் கணியம் பார்க்கப் பழகுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் கடலுக்கு அடியில் கிடக்கும் பார்களுக்கு (பாறைத் திட்டுகளுக்கு) இந்த ஒரு முறையால் மட்டுமே போய்வந்தார்கள், பாட்டரி தீரும் கவலையும் அதில் இல்லை.

கவலைப்பட வேண்டியது வலைகள். வள்ளக்காரர்கள் வலை இட்டுக் காத்திருப்பார்கள். மிதவைகளின் வரிசை எந்தப் பக்கம் முடிகிறது என்று தெரியாவிட்டால் பாயைத் தளர்த்தி அருகே போய்க் கேளுங்கள். “அண்ணே, வலை எம்புட்டு நீளம் கெடக்கு?” என்று கேட்டால் கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் மேலே ஏறிப்போனால் உங்கள் புரொப்பல்லரும் அவர்கள் பிழைப்பும் சேர்ந்தே கெடும். ஊருக்கு ஊர் கரையில் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவுகள் வேறு இருக்கின்றன. பகலில் அவற்றால் தொல்லையில்லை, இரவில் அவற்றுக்கு விளக்கு இருக்கும் என்று எண்ணி வந்துவிடாதீர்கள்.

முட்டம் கலங்கரை விளக்கம் ஒன்பதே காலுக்கு உங்களுக்கு நேர் வலப்பக்கம் வர வேண்டும். ஒன்பதரைக்கும் வரவில்லையென்றால் பாயோடு எஞ்ஜினையும் ஓட்டுங்கள். காற்று நல்லதாக இருக்கிறதே என்ற ஆசை இங்கேதான் நேரத்தைத் தின்னும்.

முட்டத்துக்கு மேற்கே

முட்டத்துச் செம்மண் மேட்டையும் பாறைகளையும் ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் பார்த்திருப்பீர்கள். அதே பாறைகள் கடலுக்குள்ளும் தொடர்கின்றன என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. கடியப்பட்டணத்துக்கு வெளியே கிடக்கும் பாறைக் கூட்டத்தில் ஒன்றைக் கடல் வரைபடங்கள் ‘குரோக்கடைல் ராக்’ என்று குறிக்கின்றன. பழைய பாய்க்கப்பல் காலத்திலிருந்தே மாலுமிகள் அஞ்சி ஒதுங்கிய பாறை அது. அமைதியான நாளில் அதன்மேல் நுரை கூடத் தெரியாது. டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பு அலுவலகம் வெளியிடும் வரைபடத்தை வாங்கி, இந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். முட்டம் நேராக வருவதற்கு முன்பே கரையிலிருந்து மூன்று மைல் விலகி, வள்ளியாறு கலக்கும் கடியப்பட்டணம் பின்னால் போகும்வரை அந்த விலக்கத்தைக் குறைக்காதீர்கள். உள்ளூர் வள்ளங்கள் பாறைகளுக்கு நடுவே புகுந்து வருவதைப் பார்ப்பீர்கள். அவர்கள் அங்கே பிறந்தவர்கள்.

கரை இனி வடமேற்காக வளைகிறது. உங்கள் திசையும் 305, 310 என்று மாறும். காற்று பக்கவாட்டுக்கு வரும், படகு வேகம் பிடிக்கும். வலப்பக்கம் மணவாளக்குறிச்சி. ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மோனசைட் கண்டெடுத்தது இந்த மணலில்தான். கரையின் கருமையை வெயிலில் நன்றாகப் பார்க்கலாம்.

பத்தரைக்குக் குளச்சல். இங்கேதான் அன்றைய நாளின் ஒரே பெரிய முடிவை எடுக்க வேண்டும், ஆகவே பாயைத் தளர்த்திப் பத்து நிமிடம் நில்லுங்கள். மூன்று கேள்விகள் போதும். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டதா? நெடிய அலை காலையில் இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா? காற்று விழுந்து மேற்கில் நீர் கருக்கத் தொடங்கிவிட்டதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் குளச்சலுக்குள் போய்விடுங்கள். இங்கேயும் மீன்பிடித் துறைமுகம் உண்டு. வெளியே நிற்கும் பாறைகள் கடலின் வேகத்தை ஓரளவு வாங்கிக்கொள்கின்றன. 1741இல் டச்சுக்காரர்கள் படையிறக்க இந்த இடத்தைத் தேர்ந்ததற்கும் அந்த மறைவு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இறங்கியது நல்ல இடம்தான், மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது வேறு கதை. பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படையையே நடத்தி, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். குளச்சலில் இறங்கினாலும் கருங்கலுக்குப் பேருந்து கிடைக்கும். வள்ளத்தை மறுநாள் காலை எடுத்துப்போகலாம்.

நண்பகல் வாக்கில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் கண்டிப்பு புரியும். வெயில் ஏறத் தரை சூடாகி, காலைக் கரைக்காற்று செத்துவிடும். அரை மணி, ஒரு மணி நேரம் காற்றே இருக்காது. பிறகு கடல்காற்று எழும். இந்தக் கரையில் அது மேற்கிலும் வடமேற்கிலும் இருந்து வரும். உங்கள் திசையும் வடமேற்கு. காலை முழுவதும் முதுகில் தள்ளிய காற்று கடைசி ஆறு மைலில் நெஞ்சில் வந்து நிற்கும். வள்ளத்துப் பாய் எதிர்க்காற்றில் ஏறுவதற்கென்று வெட்டியதல்ல. ஆறு மைல் ஒன்றரை மணியிலிருந்து நான்கு மணி நேரமாகும், வாயிலும் காற்றலை நெடிய அலைமேல் சவாரி செய்யும்.

வாய்

இங்கே நுழைவதற்கு முன் இந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். பேச்சிப்பாறையிலிருந்து வரும் கோதையாறும் பறளியாறும் சேர்ந்து குழித்துறைத் தாமிரபரணியாக இரயுமன்துறைக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையில் கடலில் விழுகிறது. அந்தப் பொழிமுகத்தை ஒட்டியே துறைமுகம் அமைந்திருக்கிறது. ஆறு மணல் கொண்டுவரும், கடலும் மணல் கொண்டுவரும். இரண்டும் அலைத்தடுப்புச் சுவர்களுக்கு நடுவே சேரும். ஆழம் குறைந்த இடத்தில் அலை உடையும். துறைமுகம் பயன்பாட்டுக்கு வந்த பிறகு இந்த வாயில் படகு கவிழ்ந்து மீனவர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். சுவரை நீட்டச் சொல்லியும் மணலை அள்ளச் சொல்லியும் ஊர்மக்கள் மறியல் செய்திருக்கிறார்கள். வேலைகள் நடக்கின்றன, மணலும் தன் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும் ஆழமான தடம் இடம் மாறும். போன ஆண்டு ஜி.பி.எஸ்.ஸில் பதிந்த பாதையை அழித்துவிடுங்கள். அது இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.

இறந்தவர்கள் கடல் தெரியாதவர்கள் அல்லர். ஆழ்கடலில் வாரக்கணக்கில் சுறாவுக்குத் தூண்டில் போடும் தூத்தூர்க் கரை ஆட்களும் இந்த வாயை மதிக்கிறார்கள். நாமும் மதிப்போம்.

வாய்க்கு வெளியே அரை மைலில் பாயை முழுவதுமாக இறக்கி, பருமலைக் கட்டிப் படகின் நடுவில் கிடத்துங்கள். கயிறு எதுவும் தண்ணீரில் தொங்கக் கூடாது. அலைநடுவே புரொப்பல்லரில் கயிறு சுற்றினால் அடுத்து நடப்பது யார் கையிலும் இல்லை. எஞ்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். எண்ணெய்த் தொட்டியை மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். மூவரும் லைஃப் ஜாக்கெட்டை இறுகக் கட்டட்டும், எஞ்ஜின் பிடிப்பவர் நிறுத்துக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டட்டும். தளர்ந்து கிடக்கும் பொருளெல்லாம் கட்டப்பட வேண்டும். எடை அணியத்தில் (முன்பக்கத்தில்) இருக்கக் கூடாது, ஒருவர் நடுவில், ஒருவர் சற்றுப் பின்னால்.

இனி நில்லுங்கள். குறைந்தது இருபது நிமிடம் அலையைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு இடைவெளி விழும். எத்தனை பெரியவை, அவற்றுக்குப் பின் எவ்வளவு நேரம் அமைதி என்று எண்ணி எழுதுங்கள். ஏன் எண்ண வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அலை உடையக்கூடிய பகுதி 150 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஆறு மைல் வேகத்தில் வள்ளம் அதைக் கடக்க ஏறத்தாழ 50 வினாடி ஆகும். 12 வினாடிக்கு ஓர் அலை வந்தால் அந்த நேரத்தில் நான்கு அலை வாய்க்குள் வரும். மூன்று மீட்டர் ஆழத்தில் அலை மணிக்குப் பத்து மைலுக்கு மேல் ஓடும். உங்கள் எஞ்ஜினால் அதோடு போட்டியிட முடியாது. ‘அலையின் முதுகில் ஏறிப் போய்விடலாம்’ என்று பெரிய எஞ்ஜின்காரர்கள் சொல்வது நமக்குப் பொருந்தாது. அலை நம்மைக் கடந்தே போகும். ஆகவே நான்கு அலையாவது சிறியதாக வரும் இடைவெளி வேண்டும். இருபது நிமிடத்தில் அப்படி இரண்டு இடைவெளி கூட விழவில்லையென்றால் இன்று வாய் மூடியிருக்கிறது.

நிற்கும்போதே உள்ளேயிருந்து வரும் வள்ளக்காரரிடம் கேளுங்கள். “அண்ணே, வாய் எப்படிக் கெடக்கு?” “எறக்கமாக்கும் மக்களே, செத்த நேரம் நில்லுங்க” என்று ஒரு பதில் வந்தால் அதற்கு மேல் எந்த முன்னறிவிப்பும் வேண்டாம். கடலேற்ற இறக்கம் இந்தக் கரையில் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆழத்தில் அது பெரிய வித்தியாசம் செய்யாது என்று தோன்றும். ஆனால் இறக்கத்தில் ஆற்றுநீர் வெளியே பாய்ந்து உள்ளே வரும் அலையை எதிர்கொள்ளும். எதிர்த்துவரும் நீரில் அலை குட்டையாகி நெட்டுக்குத்தாக நிற்கும். மேலே மழை பெய்து பேச்சிப்பாறை உபரிநீரைத் திறந்திருந்தால் ஏற்றத்திலும் இதே கதி. அணை திறந்த செய்தி வந்தால் இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

நுழைவது என்று முடிவானால், கடைசிப் பெரிய அலை உங்களைக் கடந்ததும் முழு வேகத்தில் புறப்படுங்கள். ஒருவர் பின்னால் பார்த்துக்கொண்டே குரல் கொடுக்கட்டும். எஞ்ஜின் பிடிப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அலை நேர் பின்னால் வர வேண்டும், ஒரு பக்கமாக வாங்கினால் வள்ளம் குறுக்கே திரும்பிக் கவிழும். பின்னால் தூக்கும்போது வேகத்தைச் சற்றுக் குறைத்து அலையைக் கடந்துபோக விடுங்கள், அதோடு சேர்ந்து சரியாதீர்கள். சுவரின் கற்களிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகுங்கள்; கவிழ்ந்தவர்களில் பலரை எடுத்தது நீர் அல்ல, கல். பாதி வழியில் மனம் மாறி வளைக்கவே கூடாது.

எதிரே ஒரு விசைப்படகு வந்தால்? உள்ளே நுழையும் முன்பே அதைப் பார்த்திருக்க வேண்டும். குறுகிய வழியில் பாய்ப்படகுக்கு முன்னுரிமை என்பதெல்லாம் கிடையாது. 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கடல் விதிகளின்படியே பெரிய கலத்துக்குத் தடையாக நிற்கக் கூடாது. வலப்பக்கம் ஒட்டிப் போக வேண்டும் என்பது விதி. வலப்பக்கம் மணல் திட்டாக இருந்தால் அந்த விதியை நம்பி இறங்க முடியாது. விசைப்படகு வெளியே வந்து, அது கிளப்பிய அலையும் அடங்கட்டும். முற்பகலில் வள்ளங்கள் பாடு முடிந்து வரிசையாகத் திரும்பும். அவற்றில் ஒன்றின் தடத்தில் ஐம்பது மீட்டர் பின்னால் போவது புதியவருக்கு நல்ல வழி. அதன் வேகம் உங்கள் வேகத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மூடியிருந்தால் திரும்புங்கள். கடல்காற்று எழுந்துவிட்டதென்றால் அது இப்போது உங்களுக்குச் சாதகம். பாயை ஏற்றினால் ஒன்றரை மணியில் குளச்சல். விழிஞ்ஞம் முன்னால் 14 மைல். எதிர்க்காற்று, அதோடு 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட கன்டெய்னர் துறைமுகத்துக்கு வரும் ராட்சதக் கப்பல்கள். அதைப் பற்றி எண்ண வேண்டாம். கரையில் காத்திருப்பவருக்குப் போன் செய்து குளச்சல் வரச் சொல்லுங்கள்.

உள்ளே

உள்ளே வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். ஆழ்கடல் படகுகள் மீன் இறக்கும் தளத்துக்கு எதிரே கட்ட வேண்டாம். ஏலம் நடக்கும் நேரத்தில் லாரியும் ஐஸ் பெட்டியும் ஆளுமாக அங்கே நிற்கவும் இடமிருக்காது. வள்ளங்கள் கட்டும் பக்கத்துக்குப் போய், பக்கத்து வள்ளக்காரரிடம் கேட்டுவிட்டு அவர் படகோடு சேர்த்துக் கட்டுங்கள். அணியத்திலும் பின்பக்கத்திலும் இரண்டிரண்டு கயிறு. உள்ளேயும் அலை ஏறி வரும், ஒற்றைக் கயிறு இரவில் அறுந்துவிடும். உரசாமல் இருக்கப் பழைய டயர் நான்கு தொங்கவிடுங்கள்.

கரையேறியவுடன் முதல் வேலை, காலையில் தகவல் சொன்னவருக்கு வந்துவிட்டோம் என்று சொல்வது. பிறகு எஞ்ஜினை நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். வாயில் கலங்கிய மணல்நீரைக் குடித்திருக்கும், தண்ணீர் வெளியே வரும் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். பாயை நனைந்தபடி சுருட்டி வைத்தால் இரண்டு வாரத்தில் கரும்புள்ளி விழும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயப்போடுங்கள். சாலைக்கு வந்தால் புதுக்கடை வழியாகப் போகும் பேருந்து வரும். பாய் மூட்டையை ஏற்ற நடத்துநர் தயங்கினால் ஆட்டோ பிடியுங்கள், கருங்கலுக்குப் பத்து கிலோமீட்டர் போல இருக்கும்.